கறுப்புப் பட்டையா, இழுத்த படமா? அகலத்திரை டிவியில் எந்த அளவை வைப்பது

ரிமோட்டில் பிக்சர் சைஸ் பொத்தானைத் தட்டினால் ஆறேழு பெயர்கள் வரிசையாக வரும்: 16:9, 4:3, ஜூம், வைடு ஜூம், ஒரிஜினல், ஆட்டோ, ஜஸ்ட் ஸ்கேன். பெரும்பாலும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை மிக எளிது. திரையில் கறுப்பு மறையும்வரை தட்டிக்கொண்டே போவது, மறைந்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவது. பிறகு செய்தி வாசிப்பவரின் முகம் பூசணிக்காய் ஆகிறது, கீழே ஓடும் எழுத்தில் பாதி காணாமல் போகிறது. பழி டிவியின் மேல் விழுகிறது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டிவியில் 16:9 வைத்து, ஓவர்ஸ்கேனை (படத்தின் ஓரத்தை வெட்டி, மிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம்) அணைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். எந்த நிகழ்ச்சியை எந்த வடிவத்தில் காட்டுவது என்ற வேலை, படத்தை அனுப்பும் கருவியுடையது. இதற்கு விலக்குகள் உண்டு, அவையும் கீழே வருகின்றன. மற்றத் தேர்வுகள் ஏன் தோற்கின்றன, எங்கே ஜெயிக்கின்றன என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

பட்டை எதனால் வருகிறது

16:9 யாருக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லை. 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்தில் இருந்த 1.33 முதல் 2.35 வரையிலான (அகலத்தை உயரத்தால் வகுத்த எண்) பட வடிவங்களை ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி, மையம் பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். அத்தனையையும் அடக்கும் வெளிச் செவ்வகமும், அத்தனைக்கும் பொதுவான உள் செவ்வகமும் ஏறத்தாழ 1.77 என்ற ஒரே விகிதத்தில் அமைந்தன. அதுதான் 16:9. பழைய டிவி நிகழ்ச்சிக்குப் பக்கவாட்டிலும், சினிமாவுக்கு மேலும் கீழும் இடம் வீணாகும் என்று தெரிந்தே செய்துகொண்ட சமரசம் இது. பட்டை தெரிந்தால் ஏதோ பழுது என்று நினைக்க வேண்டியதில்லை.

1920×1080 பேனலில் 4:3 நிகழ்ச்சி 1440 பிக்சல் அகலம் எடுக்கும். இருபுறமும் 240 பிக்சல் கறுப்பு. 2.39:1 சினிமா சுமார் 803 பிக்சல் வரி உயரம். மேலே 138, கீழே 138 வரி போய்விடும். இணையத் தொடர்களில் அடிக்கடி காணும் 2:1 வடிவத்துக்கு மேலும் கீழும் 60 வரி. 1.85:1 படத்துக்கு வெறும் 21, அது இருப்பதே பலர் கண்ணில் படுவதில்லை. 4கே பேனல் என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோதான் படுமோசம்: 1920க்கு 608 பிக்சல் அகலம், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அங்குலக் கணக்கில் சொன்னால், 55 அங்குல டிவியில் 4:3 நிகழ்ச்சி 45 அங்குலப் படமாகத் தெரியும். 2.39:1 சினிமா 52 அங்குலம். 55க்குப் பணம் கொடுத்துவிட்டு 45ஐப் பார்ப்பதா என்ற எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் இழுத்து நிரப்பினாலும் படத்தில் துளி விவரம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. 45 அங்குலத்தில் இருந்த அதே விவரம்தான் பக்கவாட்டில் பரவிக் கிடக்கும்.

நிரப்பும் வழிகள்

முதல் வழி நேரடியாக இழுப்பது. பெரும்பாலான டிவிகளில் 4:3 சிக்னல் வரும்போது ஃபுல் அல்லது 16:9 தேர்ந்தெடுத்தால் இதுதான் நடக்கும் (பாக்ஸே பட்டை சேர்த்து 16:9 சட்டமாக அனுப்பினால் நடக்காது, அது கீழே வருகிறது). 3 பிக்சல் இருந்த இடத்தில் 4 பிக்சல். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, உயரம் அப்படியே. படத்தில் எதுவும் வெட்டுப்படாது. ஆனால் வட்டமெல்லாம் முட்டையாகும், ஆட்களெல்லாம் குட்டையாகிப் பருப்பார்கள். சில நாளில் கண் இதற்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு சரியான வடிவத்தைக் காட்டினால் ‘ஏன் எல்லாரும் ஒல்லியாகிவிட்டார்கள்’ என்று கேள்வி வரும். பழகிப்போனது சரியானதாகிவிடாது.

இரண்டாவது ஜூம். அகலத்தையும் உயரத்தையும் ஒரே அளவில் பெரிதாக்கும், அதனால் வடிவம் கெடாது. விலை வேறு விதத்தில் வசூலாகும். 4:3 படத்தை ஜூம் செய்து திரையை நிரப்பினால் மேலே 12.5 சதவீதம், கீழே 12.5 சதவீதம், ஆக உயரத்தில் கால்வாசி திரைக்கு வெளியே போய்விடும். மேலே போவது தலைமுடி, கீழே போவது ஓடும் எழுத்து, ஸ்கோர், பேசுபவரின் பெயர். 2.39:1 சினிமாவை ஜூம் செய்தால் இதே கால்வாசி பக்கவாட்டில் வெட்டுப்படும். இரண்டு பேர் திரையின் இரு ஓரங்களில் நின்று பேசும் காட்சியில் நடுவில் இருக்கும் சுவர் மட்டும் மிஞ்சும். சப்டைட்டில் கீழ்ப் பட்டைக்குள் அச்சிடப்பட்டிருந்தால் அதுவும் போய்விடும். சில படங்களில் காட்சிக்குக் காட்சி வடிவம் மாறும்: சாதாரணக் காட்சி 2.39, பிரம்மாண்டக் காட்சி திரை முழுக்க. ஜூமில் வைத்துப் பார்த்தால், பிரம்மாண்டமாக எடுத்த காட்சியில்தான் நாலு பக்கமும் வெட்டு விழும்.

மூன்றாவது வழிக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர்: சோனியில் வைடு ஜூம், பானசோனிக்கில் ஜஸ்ட். படத்தின் நடுப்பகுதியை ஏறக்குறைய இயல்பாக வைத்துவிட்டு, ஓரங்களை மட்டும் அதிகமாக இழுக்கும் தந்திரம் இது. ஆள் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை ஏமாற்று வெளியே தெரியாது. கீழே ஓடும் எழுத்தை ஒரு நிமிடம் கவனியுங்கள். வலது ஓரத்தில் நுழையும்போது எழுத்து தடித்து அகன்று வரும், நடுவை நெருங்க நெருங்க ஒடுங்கும், இடது ஓரத்தில் மறுபடி பருத்து வெளியேறும். எழுத்து ஓடும் வேகமும் ஓரத்தில் அதிகம், நடுவில் குறைவு. கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் இதே நெளிவு முழுப் படத்துக்கும் வரும். மைதானமே வளைந்து சுழல்வது போல இருக்கும். விளையாட்டு பார்ப்பவர்களுக்கு இதைவிட மோசமான தேர்வு இல்லை.

நிரப்பித்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் ஓட்டெடுப்பு முடிந்துவிட்டால், 14:9 என்ற தேர்வு மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். 4:3 படத்தை அது கொஞ்சம் மட்டும் பெரிதாக்கும். மேலும் கீழும் தலா 7 சதவீதம்தான் வெட்டுப்படும், பக்கவாட்டுப் பட்டை 240 பிக்சலிலிருந்து 120 ஆகப் பாதியாகும், வடிவம் கெடாது. அகலத்திரைக்கு மாறிய காலத்தில் பிரிட்டன் ஒளிபரப்பாளர்களே கையாண்ட நடுவழி இது. புதிய டிவிகளில் இந்தத் தேர்வு அரிதாகிவிட்டது.

ஜூமுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. சில பழைய நிகழ்ச்சிகளில் அகலப்படத்தை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் பட்டை வைத்து அடைத்திருப்பார்கள். அது உங்கள் 16:9 திரைக்கு வரும்போது பக்கவாட்டிலும் பட்டை சேர்ந்துகொள்ளும். நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை மாதிரி படம். இங்கே ஜூம் போட்டால் அகலமும் உயரமும் 1.33 மடங்காகும், 16:9 படம் திரையில் கச்சிதமாக உட்காரும். வெட்டுப்படுவது வெறும் கறுப்பு. பழைய 576 வரி டிவி சிக்னலில் உண்மையான படத்துக்குக் கிடைத்தது 432 வரிதான் என்பதால் கூர்மை குறைவாகவே இருக்கும்.

ஓவர்ஸ்கேன்: கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வெட்டு

மேலே சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தவறுகள். இது தெரியாமலே நடப்பது, அதனால்தான் முக்கியம். குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரம் நிலையாக நிற்காது. மின்னழுத்தம் மாறினால் படம் சுருங்கும், விரியும், ஓரம் வளையும். அதை மறைக்கப் படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாக வரைந்து, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். தட்டைப் பேனலில் ஒவ்வொரு பிக்சலும் இடம் மாறாமல் நிற்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பல டிவிகள் இன்னும் எச்டிஎம்ஐ வழியாக வரும் எச்டி சிக்னலுக்கு இந்தப் பழக்கத்தை விடவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் 2.5 சதவீதம் வெட்டு என்று வைத்துக்கொண்டால், இடமும் வலமும் 48 பிக்சல், மேலும் கீழும் 27 வரி போகும். மிச்சம் 1824×1026. அதை 1920×1080 ஆக ஊதிக் காட்ட வேண்டும், அதாவது 19 பிக்சலை 20 ஆக்க வேண்டும். ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடு ஓரிடத்தில் ஒரு பிக்சலில் சரியாக விழும். சற்றுத் தள்ளி அதே கோடு இரண்டு பிக்சலுக்கு நடுவில் மாட்டி, இரண்டிலும் பாதி பாதியாகக் கசியும். முகங்களில் இது பெரிதாகத் தெரியாது. எழுத்தில் தெரியும். கணினியை இணைத்தால் டாஸ்க் பாரில் பாதி காணாமல் போவதும், மிச்ச எழுத்து மசமசவென்று இருப்பதும் இதனால்தான்.

சோதிக்க இரண்டு வழி. கணினியை இணைத்து, டெஸ்க்டாப்பின் நான்கு ஓரமும் தெரிகிறதா பாருங்கள். இன்னும் கறாராகப் பார்க்க, ஒரு பிக்சல் வெள்ளை, ஒரு பிக்சல் கறுப்பு என்று சதுரங்கக் கட்டம் போன்ற படத்தை 1920×1080 அளவில் முழுத்திரையில் திறங்கள். 1080 பேனலில் எதுவும் ஊதப்படவில்லை என்றால் திரை முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரியும். அலை அலையாகவோ கட்டம் கட்டமாகவோ பட்டைகள் தெரிந்தால் எங்கோ அளவு மாற்றப்படுகிறது. 4கே பேனலுக்கு அதே படம் 3840×2160 அளவில் இருக்க வேண்டும், கணினியும் அந்த அளவில்தான் அனுப்ப வேண்டும்.

அணைக்கும் இடம் டிவிக்கு டிவி வேறு. எல்ஜியில் 16:9க்குள் ஜஸ்ட் ஸ்கேனை ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கின் பழைய டிவிகளில் ஸ்கிரீன் ஃபிட், புதியவற்றில் 16:9 ஸ்டாண்டர்டு வைத்து அதற்குக் கீழே ஃபிட் டு ஸ்கிரீனை ஆன் செய்வது. சோனியில் வைடு மோடை ஃபுல் ஆக்கிவிட்டு, டிஸ்ப்ளே ஏரியாவை ஃபுல் பிக்சல் அல்லது பிளஸ் 1 ஆக்க வேண்டும்; நார்மல் என்றால் வெட்டு இருக்கிறது என்று பொருள். பானசோனிக்கில் 16:9 ஓவர்ஸ்கேன் என்றே ஒரு வரி இருக்கும், அதை ஆஃப் செய்யலாம். பிலிப்ஸில் அன்ஸ்கேல்டு, ஷார்ப்பில் டாட் பை டாட். பெயரை வைத்து ஏமாற வேண்டாம். ஃபுல் என்ற பெயர் பார்ப்பதற்குச் சரியாகத் தெரியும், ஆனால் பல டிவிகளில் ஃபுல் என்பது திரையை நிரப்புவதை மட்டுமே குறிக்கும். வெட்டு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வெட்டு ஒரு பக்கம் இருக்கும்போது அதை மறுபக்கம் ஈடுகட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. கணினியின் கிராஃபிக்ஸ் டிரைவரிலோ (படத்தைத் திரைக்கு அனுப்பும் மென்பொருள்) கேம் கன்சோலிலோ படத்தைச் சுருக்கும் ஸ்லைடர் இருக்கும். அதை 5 சதவீதம் சுருக்கினால் நான்கு ஓரமும் தெரிந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது போல இருக்கும். உண்மையில் கணினி 1920ஐ 1824க்குள் நசுக்கி அனுப்புகிறது, டிவி அதை மறுபடி 1920க்கு ஊதுகிறது. எழுத்து இரண்டு முறை மசமசக்கிறது. முதலில் டிவியில் ஓவர்ஸ்கேனை அணையுங்கள், பிறகு டிரைவரின் ஸ்லைடரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அணைத்த பிறகும் கணினிப் படத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு நின்றால் டிரைவர்தான் சுருக்கிக்கொண்டிருக்கிறது; ஏஎம்டி டிரைவரில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் என்ற இடத்தில் அது ஒளிந்திருக்கும்.

சிவப்பு எழுத்து நீலப் பின்னணியில் இன்னும் கசிகிறது என்றால் அதற்கு அளவு காரணமில்லை, நிறத் தகவல் குறைக்கப்படுவது காரணம். இன்புட் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐயின் பெயரையோ ஐகானையோ பிசி என்று மாற்றுங்கள். சாம்சங்கிலும் எல்ஜியிலும் இந்த ஒரு மாற்றம் நிறத்தைக் குறைக்காமல் முழுதாகக் காட்டும்.

ஓவர்ஸ்கேனை ஆனில் வைக்க வேண்டிய இடமும் இருக்கிறது: பழைய வீடியோ கேசட். விஎச்எஸ் படத்தின் அடியில் சில வரிகள் எப்போதும் கிழிந்து நெளியும், பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட் மாறும் நேரத்தில் உண்டாகும் படக் கோளாறு அது. குழாய் டிவியில் இதை யாரும் பார்த்ததில்லை, சட்டம் மறைத்துவிட்டது. பழைய அனலாக் ஒளிபரப்பைப் பதிவு செய்து மாற்றிய சில வீடியோக்களில் உச்சி வரியில் வெள்ளைப் புள்ளிகள் துடிப்பதும் இந்த வகைதான். மூன்று வண்ண ஒயர் போகும் அந்த ஒரு இன்புட்டுக்கு மட்டும் ஓவர்ஸ்கேன் இருக்கட்டும். டிவிகள் பெரும்பாலும் இன்புட்டுக்கு ஒரு அமைப்பாக நினைவில் வைத்துக்கொள்ளும், மற்றவை பாதிக்கப்படாது.

டிவியில் சரிசெய்வதா, பாக்ஸில் சரிசெய்வதா

செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர், கன்சோல் எல்லாவற்றிலும் தனித்தனியாக ஒரு வடிவ அமைப்பு இருக்கிறது. இரண்டு இடத்திலும் கை வைத்தால் தவறு இரட்டிப்பாகும். எந்த நிகழ்ச்சி எந்த வடிவம் என்ற தகவல் முதலில் போய்ச் சேரும் இடம் பாக்ஸ். 1080க்கு மாற்றி அனுப்பிய பிறகு, டிவிக்கு வந்து சேருவது எப்போதும் 16:9 சட்டம்தான். உள்ளே 4:3 இருப்பது டிவிக்குப் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் முடிவை பாக்ஸிடம் விடச் சொல்கிறோம்.

பாக்ஸ் மெனுவில் டிவி வகை அல்லது டிவி ஷேப் என்ற வரியை 16:9 ஆக்குங்கள். அவுட்புட்டை டிவி பேனலின் அளவுக்கு, 1080பி அல்லது 2160பி, நிலையாக வையுங்கள். 4:3 நிகழ்ச்சி வந்தால் என்ன செய்வது என்ற வரியில் பில்லர்பாக்ஸ் (பக்கவாட்டில் பட்டை) அல்லது ஒரிஜினல்; ஸ்ட்ரெட்ச் (இழுப்பது), பான் ஸ்கேன் (ஓரத்தை வெட்டி நிரப்புவது) வேண்டாம். டிவிடி பிளேயரில் 16:9, 4:3 லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் பட்டை), 4:3 பான் ஸ்கேன் என்று மூன்று இருக்கும். பழைய டிவியிலிருந்து மாற்றும்போது பிளேயரில் இரண்டாவது தேர்வு அப்படியே கிடப்பது சகஜம், முதலாவதுக்கு மாற்ற மறந்துவிடுவார்கள்.

எங்கே தவறு என்பதைப் படமே சொல்லும். எல்லாரும் குட்டையாக, கூடவே அகலத்திரை நிகழ்ச்சிக்கும் மேலும் கீழும் பட்டை: பாக்ஸ் 4:3 டிவி என்று நினைத்து அடைத்து அனுப்புகிறது, டிவி அதை இழுக்கிறது. எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாக, பக்கத்தில் பட்டை: 16:9 படம் 720 பிக்சல் அகலமுள்ள பழைய டிவி சட்டத்துக்குள் அமுக்கி வந்திருக்கிறது, டிவி அதை 4:3 என்று எடுத்துக்கொண்டது; டிவியில் 16:9 ஆக்கினால் சரியாகிவிடும். சந்தேகம் இருந்தால் கண்ணை நம்ப வேண்டாம், டேப்பை எடுங்கள். நேராகக் காட்டப்படும் கடிகாரமோ வட்டமான சேனல் லோகோவோ திரையில் வரும்போது நிறுத்தி, அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். 12 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் வந்தால் விடை கிடைத்துவிட்டது: 4க்கு 3, முழு இழுவை.

ஆட்டோவை நம்பலாமா? சிக்னலோடு வரும் வடிவக் குறியைப் படித்து டிவி தானாக மாறும் தேர்வு இது. ஒளிபரப்பாளர் குறியை ஒழுங்காக அனுப்பினால் இதைவிட வசதி இல்லை. அனுப்பாத இடத்தில், விளம்பரம் வந்ததும் படம் விரியும், நிகழ்ச்சி தொடர்ந்ததும் சுருங்கும். சில டிவிகள் குறியைப் பார்க்காமல் கறுப்பு ஓரத்தைத் தேடி ஊகிக்கும். இருட்டான காட்சி வந்தால் அதையே பட்டை என்று நினைத்து ஜூம் செய்துவிடும். டிவிக்குள் இருக்கும் ட்யூனரில் (ஒளிபரப்பைப் பிடிக்கும் பகுதி) நேராக ஒளிபரப்பு பார்ப்பவர்கள் ஆட்டோவை ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். எச்டிஎம்ஐ பாக்ஸ் வழியாகப் பார்ப்பவர்களுக்கு அதில் லாபம் ஏதும் இல்லை.

படத்தின் தோற்றம்: விவிட், ஸ்டாண்டர்டு, சினிமா

அளவு சரியானதும் அடுத்த முடிவு பிக்சர் மோட். இங்கே தேர்வுகள் நிறைய இருப்பது போலத் தோன்றினாலும் உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்.

விவிட் அல்லது டைனமிக் கண்ணைப் பறிக்கும். பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) உச்சத்தில், வெள்ளை நீலம் பாய்ந்து, ஷார்ப்னஸ் ஏற்றி, அசைவை வழுவழுப்பாக்கி வைத்திருப்பார்கள். முகத்தோல் மெழுகு மாதிரி ஆகும், கறுத்த தலைமுடியில் இழை தெரியாமல் ஒரே அப்பாக அப்பிக்கொள்ளும். சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் என்ற பெயர்களில் வருவது எதிர்முனை. படத்தை உருவாக்கியவர்கள் பார்த்து அளந்த 6500 கெல்வின் (வெள்ளையின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு) வெள்ளைக்கு நெருக்கமாக இருக்கும், செயற்கைப் பூச்சு குறைவு. 2019இல் டிவி, சினிமா நிறுவனங்களின் கூட்டமைப்பான யுஎச்டி அலையன்ஸ் அறிவித்த ஃபிலிம்மேக்கர் மோட், அசைவு வழுவழுப்பு, ஷார்ப்னஸ் ஏற்றம், நாய்ஸ் ரிடக்‌ஷன் மூன்றையும் அணைப்பதோடு, படத்தின் வடிவத்தையும் மாற்றாமல் காட்டச் சொல்கிறது. இருப்பதில் கை வைக்க வேண்டிய தேவை மிகக் குறைவான மோட் அது.

முதல் முறை மாற்றும்போது சினிமா மோட் மஞ்சளாக, மங்கலாகத் தெரியும். அதுவரை பார்த்த நீல வெள்ளையோடு கண் ஒப்பிடுகிறது. சில நாள் மாற்றாமல் விட்டுவிட்டு விவிடுக்குத் திரும்பிப் பாருங்கள், இப்போது அது ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது மாதிரி இருக்கும். பகல் வெளிச்சம் கொட்டும் அறையில் சினிமா மோட் உண்மையிலேயே போதாது என்றால், மோடை மாற்றாமல் பேக்லைட்டை மட்டும் ஏற்றுங்கள். இதற்காக விவிடுக்குப் போவது, உப்பு குறைகிறது என்று மசாலா டப்பாவைக் கவிழ்ப்பது போல. ஒப்பிடுவதற்கு முன்பு ஈகோ, மின்சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் சென்சார் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மோடையும் டிவி ஒரே அளவுக்கு மங்கலாக்கிக் காட்டும்.

பிரைட்னஸ் என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பெரும்பாலான டிவிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பின் அடர்த்தி, வெளிச்சத்துக்குத் தனியாக பேக்லைட். புதிய சோனிகளில் பிரைட்னஸ்தான் வெளிச்சம், கறுப்புக்கு பிளாக் லெவல். எந்த ஸ்லைடர் எது என்று தெரியாமல் நகர்த்தினால் இருட்டுக் காட்சியில் எல்லாம் மறைந்துவிடும்.

இந்தக் கறுப்பைச் சரிசெய்ய, யாருக்கும் பிடிக்காத அந்தக் கறுப்புப் பட்டையே உதவும். 2.39:1 சினிமாவில் இரவுக் காட்சி ஒன்றை நிறுத்திவையுங்கள். அறை விளக்கை அணையுங்கள். பட்டையைப் பார்த்தபடி கறுப்புக்கான ஸ்லைடரை ஏற்றினால் பட்டை சாம்பலாகும். இப்போது ஒவ்வொரு புள்ளியாக இறக்குங்கள். பட்டை மேலும் கறுக்காத இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால் பட்டை மாறாது, படத்துக்குள் இருக்கும் கறுப்பு உடையின் மடிப்பும் நிழலில் நிற்கும் ஆளும்தான் காணாமல் போவார்கள். எல்இடி டிவியில் பின்னால் விளக்கு எரிவதால் பட்டை முழுக்கறுப்பு ஆகாது, அதைத் துரத்த வேண்டாம். கான்ட்ராஸ்ட்டுக்கு இதேபோல வெள்ளைச் சட்டை: ஏற்ற ஏற்றப் பளிச்சிடும், சட்டையின் சுருக்கம் மறையத் தொடங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி முன்னே நிறுத்துங்கள்.

எவ்வளவு சரிசெய்தாலும் கறுப்பு எல்லா இடத்திலும் சாம்பலாகவோ, எல்லா நிழலும் தார் பூசியது போலவோ இருந்தால் ஸ்லைடரில் பிழை இல்லை. வீடியோ சிக்னலில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி 0 முதல் 255 வரை அனுப்பும். இரு முனையும் வேறு வேறு கணக்கில் இருந்தால் இந்த நிலை வரும். டிவியின் எச்டிஎம்ஐ பிளாக் லெவலை ஆட்டோ ஆக்குங்கள், அதிலும் தீராவிட்டால் கருவியின் பக்கம் ஃபுல், லிமிடெட் இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

ஷார்ப்னஸ் பற்றி ஒரே வரி: பூஜ்யத்துக்கு அருகில். சோனியில் நடுநிலை 50, அதற்குக் கீழே இறக்கினால் படம் மங்கும். அதிகமாக இருக்கிறதா என்று தெரிய, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் ஓரத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி இன்னும் வெளுத்த ஒரு கோடு ஓடினால் இறக்க வேண்டும். அசைவு வழுவழுப்பு எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்ற பெயரில் இருக்கும். நொடிக்கு 24 ஃப்ரேம் சினிமாவை அது சீரியல் மாதிரி ஆக்கிவிடும். விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், சினிமாவுக்கு வேண்டாம். கேம் விளையாடுபவர்களுக்குத் தனி மோட் இருக்கிறது. அது பட நயத்துக்காக இல்லை, பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதத்தைக் குறைக்க.

ஓஎல்இடி வைத்திருப்பவர்களின் பயம்

பட்டை ஒரே இடத்தில் நின்றால் பேனல் தேய்ந்து தடம் விழும் என்று சொல்லி 4:3ஐ இழுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஓஎல்இடியில் பின்விளக்கு கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும். எரியும் பிக்சல் தேயும், கறுப்பாக அணைந்து கிடக்கும் பட்டைப் பகுதி தேயாது. நாள் முழுக்க, மாதக்கணக்கில் 4:3 மட்டுமே ஓடினால் பட்டைக்கும் படத்துக்கும் நடுவில் எல்லைக்கோடு தெரிய வாய்ப்பு உண்டு. பிளாஸ்மா டிவிகளில் பக்கப்பட்டையைச் சாம்பல் நிறமாக்கும் வசதி வைத்ததே இதற்காகத்தான். ஆனால் வாரத்தில் இரண்டு சினிமா, கொஞ்சம் பழைய நிகழ்ச்சி, மிச்சம் 16:9 என்று கலந்து பார்க்கிற வீட்டில் இது பிரச்சினையே இல்லை. ஒரே செய்திச் சேனலின் பளிச்சென்ற லோகோ பட்டையைவிட ஆபத்தானது; அதற்கு இழுவை மருந்தும் இல்லை, இழுத்தால் லோகோவும் சேர்ந்து அகலும். தினமும் பல மணி நேரம் 4:3 பார்க்கும் ஓஎல்இடி வீட்டில் பேனல் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பதும், டிவியை ஸ்டாண்ட்பையில் விட்டு அதன் தானியங்கிப் பராமரிப்பு ஓட விடுவதும் போதும். எல்இடி, க்யூஎல்இடி என்ற பெயரில் விற்கும் எல்சிடி வகைகளில் இந்தக் கேள்வியே எழாது.

மெனு மங்கிக் கிடந்தால்

பிக்சர் சைஸ் வரி சாம்பலாகி அழுத்த முடியாமல் கிடந்தால், பெரும்பாலும் டிவிக்குள் இருக்கும் ஆப்பில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆப் அனுப்பும் படம் நேராகப் பேனலுக்குப் போவதால் அங்கே டிவி குறுக்கிட விடுவதில்லை; ஓவர்ஸ்கேனும் அங்கே இருக்காது. ஜூம் வேண்டுமென்றால் அந்த ஆப்பிலேயே தேட வேண்டும், சிலவற்றில் இருக்கும், பலவற்றில் இருக்காது. 4கே சிக்னல் வரும்போதும், பிசி என்று பெயரிட்ட இன்புட்டிலும் சில டிவிகள் 16:9 தவிர மற்றதைப் பூட்டிவிடும். பூட்டியிருக்கும் அமைப்பு சரியானதுதான் என்பதால் திறக்க மெனக்கெட வேண்டாம்.

இன்புட்டுக்கு இன்புட் அமைப்பு தனித்தனி என்று சொன்னோம். எச்டிஎம்ஐ 1இல் எல்லாம் சரிசெய்துவிட்டு பாக்ஸை எச்டிஎம்ஐ 2க்கு மாற்றினால் பழைய வெட்டும் பழைய விவிடும் திரும்ப வந்து நிற்கும். எல்லா இன்புட்டுக்கும் பொருத்து என்ற வரி மெனுவில் இருந்தால் அழுத்துங்கள். ஆனால் பல டிவிகளில் அது மோட், பேக்லைட் போன்றவற்றை மட்டுமே நகலெடுக்கும், ஓவர்ஸ்கேனை ஒவ்வொரு இன்புட்டாகப் போய்த்தான் அணைக்க வேண்டும். எச்டிஆர் படம் (வெளிச்சமும் நிழலும் விரிந்த அளவில் வரும் புதிய வகை) ஓடும்போது இருக்கும் மோட் அமைப்பும் தனி. முதல் எச்டிஆர் படம் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை மெனுவைத் திறந்து, மோட் சினிமாவில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.